வருகை தந்தமைக்கு நன்றி

ஏழு மாதமாக எதிர்பார்த்த கடிதம்தான். ஆனால் அதில் வரவேண்டிய தேதி கொடுத்திருக்கவில்லை, நன்றி சொல்லியிருந்தார்கள். "தாங்கள் சென்ற மாதம் இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு முதல் பரிசோதனைக்கு வருகை தந்தமைக்கு நன்றி." கீழே தம்பியின் பெயர், வயது முப்பத்து நான்கு, பதிவு எண் முந்நூற்றுப் பதினேழு. மாடிப்படிக்கு அடியில் தபால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

இருபத்தெட்டாம் தேதி அவன் எங்கேயும் போகவில்லை. தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்த கட்டிலில், முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடச் சீருடைக் கால்சட்டை நாற்பத்திரண்டுக்கு அடி மடித்துக் கொடுத்த நாள் அது. கடைசியில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் தம்பியின் நீலக் கட்டம் போட்ட சட்டைக்குக் காலர் திருப்பினாள். காலர் நைந்தால் புதுச் சட்டை வாங்குகிற வீடல்ல அது. காலரைப் பிரித்து, நைந்த பக்கத்தை உள்ளே தள்ளி, உள்பக்கத்தை வெளியே கொண்டுவந்து தைத்தால் சட்டைக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயுள்.

"நான் போயிட்டு வந்துட்டேனாமா? பாரு, என்கிட்டயே சொல்லல," என்று தம்பி சிரித்தான். சிரித்தால் வலிக்கும் என்பதால் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஜட்ஜம்மா, இந்தக் கேஸை நீங்கதான் விசாரிக்கணும்."

ஜட்ஜம்மா என்பது அவள்தான். அப்பா அம்மா போன பிறகு, எட்டு வயது இளையவனை வளர்த்தவள். பென்சில் திருடியது யார் என்பதில் தொடங்கி வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேரலாமா வேண்டாமா என்பது வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொன்னவள். அவனுக்கு வலது விலாவுக்குக் கீழே கட்டி வந்தபோது, தெரு முனை டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுச் சீட்டில் 'உடனே' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அந்த உடனேவுக்கு இப்போது ஏழு மாதம். பொது ஆஸ்பத்திரியின் அகராதியில் உடனே என்றால் என்ன பொருளோ, அதை எழுதினவனுக்குத்தான் வெளிச்சம்.

அவள் போன் செய்தாள். பதிவு செய்த பெண் குரல் எடுத்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. உங்களுக்கு முன்னால் ஒன்பது பேர் என்றது. பிறகு ஒரு சங்கீதம், நடுவில் எங்கோ கீறல் விழுந்து, ஒரே இடத்தில் விக்கி விக்கித் திரும்பி வருகிற சங்கீதம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவள் ஆறு கால்சட்டைக்கு அடி மடித்து முடித்தாள். அப்போதும் முன்னால் ஒன்பது பேர்தான். ஒன்பது பேரும் அங்கேயே குடித்தனம் போட்டுவிட்டார்களா என்று அவளுக்கு வயிறெரிந்தது.

ஐம்பதாவது நிமிஷம் ஓர் ஆள் எடுத்தான். பார்த்துவிட்டு, அவர் வந்துட்டாரே என்றான். வரவில்லை என்றாள். வந்ததாகப் போட்டிருக்கிறது என்றான். படுத்த படுக்கையாக இருப்பவன் எப்படி வந்திருப்பான் என்று அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். கடைசியில் அவன் சொன்னது அவளுக்கு அப்படியே மனதில் நின்றது.

"வரலைன்னா, வரலைன்னு நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும், மேடம். போன்ல எல்லாம் வராம இருக்க முடியாது."

இரண்டு வாரம் கழித்து அடுத்த கடிதம். ஸ்கேனுக்கு வருகை தந்தமைக்கு நன்றி. நான்கு சென்டிமீட்டர் கட்டி. அறுவை சிகிச்சை வருகிற செவ்வாய்க்கிழமை காலை. தம்பி ஸ்கேனுக்கும் போகவில்லை. போகாதவனுடைய கட்டியை அளந்து எழுதியிருக்கிறார்கள். தெரு முனை டாக்டர் விரலால் அளந்து சொன்னதும் ஏறக்குறைய அதே நான்குதான்.

"எல்லாத்துக்கும் அவனே போறான், பாவம்," என்றான் தம்பி. "ஆபரேஷனையும் அவனையே பண்ணிக்கச் சொல்லு." அதற்கு அவள் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் கையில் இரண்டு கடிதத்தோடும் நேரில் போனாள். விசாரணை ஜன்னலில் இருந்து மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் மாடியில் இருந்து பழைய கட்டடத்துக்கு. அங்கே ஒரு நீண்ட தாழ்வாரம், பினாயில் வாசனை, அதற்கு அடியில் பினாயிலால் போகாத இன்னொரு வாசனை. கடைசியில் பதிவு அறை. கண்ணாடியை நூலால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஓர் எழுத்தர், அகலமான பேரேட்டில் ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கொண்டிருந்தார். டக். டக். டக். கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றிலும் ஒரே சொல்: வந்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள். பக்கத்தின் மேலே நாளைய தேதி இருந்தது.

யாரும் வருவதற்கு முன்னாலேயே குத்துகிறீர்களே என்று கத்தினாள். அவருக்குக் கோபம் வரவில்லை. வெகுநாளாக யாரும் கேட்காத கேள்வியை ஒருத்தி கேட்டுவிட்ட மாதிரி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள். கடிதம் சில பேருக்குப் போய்ச் சேரும், சில பேருக்குச் சேராது. அதற்கெல்லாம் யார் பதில் சொல்வது? அதனால் பல வருஷமாகவே முந்தின நாளே எல்லாருக்கும் 'வந்தார்' போட்டுவிடுவது வழக்கம். இந்த ஆஸ்பத்திரியில் வராதவர் என்று ஒருவர்கூடக் கிடையாது.

"அப்ப ஸ்கேன் எடுத்தது யாருக்கு?"

அவர் ஸ்டாம்பை மை அட்டையில் அழுத்தினார். "முன்னெல்லாம் பேப்பர்லதாம்மா வந்தாங்க," என்றார். குரல் தணிந்தது. "இப்பக் கொஞ்ச நாளா, கட்டத்தைப் போட்டா ஆளும் வந்துருது."

"யாரு?"

"அதை நாங்க பார்க்கறதில்லை. எங்களுக்குக் கட்டம்தான்."

புத்தி பேதலித்த கிழம் என்று திட்டிக்கொண்டே அவள் படியிறங்கினாள். செவ்வாய்க்கிழமை என்ன ஆனாலும் சரி, தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டாவது வந்து அந்தக் கட்டத்தில் உட்கார வைத்துவிடுவது என்று தீர்ப்பு எழுதிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கே அந்த ஹாலில் நிற்க இடமில்லை. வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள், மேலே தூசி படிந்த மின்விசிறிகள், சுவரில் சிவப்பு எண்கள் மாறுகிற பலகை. இருமல், குழந்தை அழுகை, பிளாஸ்டிக் பை கசங்குகிற சத்தம். தம்பி நீலக் கட்டச் சட்டை போட்டிருந்தான். திருப்பித் தைத்த காலர் கழுத்தில் விறைப்பாக நின்றது. "ஜட்ஜம்மா, உள்ள போனதும் என்னை மறந்துட்டு டீ குடிக்கப் போயிடாத," என்றான். பிறகு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று தூணுக்குப் பின்னால் இருந்த குழாய்க்கு மெதுவாக நடந்து போனான்.

அந்த நேரம் பார்த்து ஜன்னலில் இருந்தவன், சீட்டில் ஒரு முத்திரை குறைகிறது என்று அவளைக் கூப்பிட்டான். எந்த முத்திரை என்றாள். கீழே வாங்க வேண்டும் என்றான். கீழே இருந்துதானே மேலே அனுப்பினார்கள் என்றாள். ஏழு மாதக் கோபமும் அந்த ஒற்றை ஜன்னலில் வந்து முட்டியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். ஹாலே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். தொண்டை கட்டியது. முடித்துவிட்டுத் திரும்பியபோது தம்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பலகையில் எண் மாறியது. முந்நூற்றுப் பதினேழு.

அவள் தம்பியின் கையைப் பிடித்து எழுந்தாள். அதற்குள் தூணுக்குப் பின்னால் இருந்து ஒரு முதுகு கதவை நோக்கிப் போனது. நீலக் கட்டச் சட்டை. வலது விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாக. காலரில் அவளுடைய தையல். அவ்வளவு தூரத்திலிருந்தும் அது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஆள் வாசலில் ஒரு கணம் நின்று, கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரி தலையைத் திருப்பப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு கை அவன் முழங்கையைப் பற்றி இழுத்தது. கதவு மூடிக்கொண்டது.

"அக்கா," என்றான் பக்கத்தில் இருந்தவன். "அது யாரு?"

அவள் ஓடிப்போய்க் கதவை அறைந்தாள். வேறு யாரோ உள்ளே போய்விட்டான், என் தம்பி இதோ இங்கே இருக்கிறான் என்று அலறினாள். வார்டு உதவியாளர் கதவை ஒரு சாண் திறந்து, பெயர் சரி, எண் சரி, கட்டி சரி, ஆள் மேஜைக்குப் போயாச்சு என்றார். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். உங்க ஆள் உங்க கூடத்தானே இருக்கார், அப்புறம் எதுக்குச் சத்தம் என்று கேட்டார். தாழ்ப்பாள் விழுந்தது. அவள் தட்டினாள். மறுபடி தட்டினாள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

வாடகை வண்டியில் திரும்பும்போது அவன் அவள் தோளில் சாய்ந்துகொண்டான். கனமே இல்லை. காலரிலிருந்து பிரிந்த நூல் ஒன்று அவள் கன்னத்தில் உரசிக்கொண்டே வந்தது. இவ்வளவு மட்டமாகவா தைத்தேன் என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு ஜன்னல்காரனின் முகம் நினைவுக்கு வந்தது. வீடு வரும்வரை அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் அவனுக்கு வலி இல்லை. முழங்காலை மடக்கவில்லை, முனகவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டான். கேட்டதற்கெல்லாம் சரி அக்கா என்றான். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான், எண் எப்போது வரும் என்று காத்திருப்பவனைப் போல. அவள் சொன்ன எதற்கும் அவன் ஒரு கேலிகூடச் செய்யவில்லை. களைப்பு என்று நினைத்தாள். களைப்பாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் போர்வையை மாற்றும்போது பார்த்தாள்.

வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல். கறுப்பு நூல். பதினோரு தையல். இரண்டு நாள் பழகிய புண் மாதிரி ஓரங்கள் ஒட்டியிருந்தன. இருபது வருஷமாக ஊசி பிடித்த விரல் சும்மா இருக்கவில்லை, தையலைத் தடவிப் பார்த்தது. முடிச்சுகள் இல்லை. முடிச்சு இல்லாமல் எந்தத் தையலும் நிற்காது. மெல்ல அழுத்தினாள். தோலுக்கு அடியில், பதினோரு இடத்தில், பருக்கை பருக்கையாகத் தட்டுப்பட்டன. ஊசி உள்ளே இருந்து வெளியே வந்து, மறுபடி உள்ளேயே போய் முடிந்திருந்தது.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா."

அவள் போன் செய்தாள். அழைப்பு முக்கியம். முன்னால் ஒன்பது பேர். அந்தச் சங்கீதம். கட்டிலில் இருந்தவன் தலையைச் சாய்த்து அதைக் கேட்டான். விக்குகிற இடம் வந்ததும் சரியாக அந்த இடத்தில், கூடவே, மெல்ல முனகினான்.

அதன் பிறகு அவள் சமையலறையில்தான் படுத்தாள். அவன் என் தம்பி, நான் வளர்த்த பிள்ளை, அவனைப் பார்த்தா பயப்படுகிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வலி போய்விட்டதே, அது போதாதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கதவைத் தாழிடவும் செய்தாள்.

எட்டாம் நாள் காலை கடிதம் வந்தது. பெயர் இந்த முறை அவளுடையது. "தாங்கள் இன்று மாலை நான்கு மணிக்கு, பதிவு எண் முந்நூற்றுப் பதினேழின் உடலைப் பெற்றுக்கொள்ள வருகை தந்தமைக்கு நன்றி."

நின்றுகொண்டே படித்தவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். இவர்கள் எழுதியதெல்லாம் நடந்திருக்கிறது. பரிசோதனை என்றார்கள், ஸ்கேன் என்றார்கள், ஆபரேஷன் என்றார்கள். இன்று நாலு மணிக்கு இதுவும் நடந்துவிடும். கட்டிலில் இருப்பவன் போய்விடுவான். அவன் எப்படி இருந்தாலும் சரி, அவனை விடக் கூடாது. கட்டத்தை அழிக்க வேண்டும். வரவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை நேரில்தான் எழுத வேண்டும்.

அவனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள்.

பழைய கட்டடத்தின் தாழ்வாரத்தில் வெயில் ஜன்னல் ஜன்னலாக விழுந்திருந்தது. மூன்று ஐம்பது. எழுத்தர் அதே நாற்காலியில். நான் வரவில்லை, எழுதிக்கொள்ளுங்கள், நான் வரவில்லை என்று மேஜையைக் குத்தினாள். அவர் மறுபேச்சில்லாமல் ஒரு தாளை நகர்த்தினார். அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவ்வளவு அழுத்தியதில் தாள் கிழிந்தது.

அவர் தாளைத் தூக்கினார். அடியில் கார்பன். அதற்கும் அடியில் வேறொரு படிவம். அதில் அவள் கையெழுத்து ஊதா நிறத்தில் பதிந்திருந்தது, உடலைப் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில்.

"ரெண்டும் ஒரே கட்டுத்தாம்மா," என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு வருவீங்கன்னு போட்டிருந்துச்சு. வந்துட்டீங்க."

தாழ்வாரத்தில் சக்கரம் கிறீச்சிட்டது.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தவர் அன்று கதவை ஒரு சாண் திறந்த அதே உதவியாளர். அவளை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அவளுக்கு அருகில் நிறுத்திவிட்டு, துணியைக் கழுத்து வரைக்கும் விலக்கினார்.

நீலக் கட்டச் சட்டை. திருப்பித் தைத்த காலர். அவள் தையல், அவள் நூல், ஓரத்தில் அவள் போடுகிற இரட்டை முடிச்சு. அவள் சட்டையைத் தூக்கினாள். விலாவுக்குக் கீழே பதினோரு தையல். முடிச்சுகள் வெளியே இருந்தன. பதினொன்றும். டாக்டர்கள் போடுகிற மாதிரி. மனுஷர்களுக்குப் போடுகிற மாதிரி.

"ஏழு நாள் நினைவு இருந்துச்சு," என்றார் உதவியாளர். "ஜட்ஜம்மாவக் கூப்பிடுங்க, வெளிய உக்காந்திருக்காங்க, கூப்பிடுங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு. ஜுரத்துல உளர்றாருன்னு நினைச்சோம். வீட்டுக்கு மூணு லெட்டர் போட்டோமே, வரலையா?"

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, தாடி வளர்ந்து. வெளியே உட்கார்ந்திருக்காங்க. அவள் வெளியே உட்கார்ந்திருக்கவில்லை. இவனை உள்ளே விட்டுவிட்டு, வேறொன்றின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்கு எட்டு நாள் சோறு போட்டாள். பாவி, அந்தக் கதவை உடைத்திருக்க வேண்டாமா? தண்ணீர்க் குழாய் வரைக்கும் கூடப் போயிருக்க வேண்டாமா?

தம்பியின் கையை எடுத்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது. கனமாக இருந்தது.

பைக்குள் போன் அடித்தது. வீட்டு எண்.

எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தாள். அந்தச் சங்கீதம் ஒரு முறை விக்கியது. பிறகு தம்பியின் குரல்.

"அக்கா. தனியா அழாத. நான் வந்துட்டேன்."

குரல் போனிலும் கேட்டது. தாழ்வாரத்திலும் கேட்டது.

எழுத்தர் பேரேட்டில் குனிந்துகொண்டார். உதவியாளர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் பார்ப்பதில்லை.

அவள் பார்த்தாள். தாழ்வாரத்தின் கடைசி ஜன்னல் வெயிலில் அவன் நின்றுகொண்டிருந்தான். நீலக் கட்டச் சட்டை. கைகள் பக்கத்தில். காதில் போன் இல்லை. அவளைப் பார்த்ததும் நடக்கத் தொடங்கினான். கிட்டே வர வர, காலர் தெரிந்தது. நைந்த பக்கம் வெளியே இருந்தது.